குழாயை எடுத்த காலை

அக்கா வீட்டுக்காரரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். கடலூரைத் தாண்டி முந்திரித் தோப்புகளுக்கு நடுவே அவர்கள் வீடு. போன ஆடி மாதம் ஒரு நாள் காலையில், வயிறு வலிக்கிறது என்று எழுந்தவருக்குக் கண் இமைகளைத் தூக்க முடியவில்லை. பாயை உதறினால் கட்டுவிரியன் நெளிந்து ஓடுகிறது. கடித்ததே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

கடலூரில் விஷமுறிவு ஊசி போட்டார்கள். அதற்குள் மூச்சு அடங்கத் தொடங்கிவிட்டது. தொண்டைக்குள் குழாயை இறக்கி, ஆம்புலன்ஸில் சிதம்பரத்துக்கு அனுப்பினார்கள். அங்கே மிஷின்தான் அவருக்கு மூச்சு கொடுத்தது.

நான்காம் நாள் விரல்களை அசைத்தார். இனி பயமில்லை என்று ஊருக்கெல்லாம் போன் செய்தேன். மறுநாளே காய்ச்சல். குழாயில் உறிஞ்சிய சளி பச்சையாக வந்தது. நிமோனியா என்றார் அங்கிருந்த டாக்டரம்மா.

“பாம்பு கடிச்சதுக்குத்தான வந்தோம்? நிமோனியா எங்கேர்ந்து வந்துச்சு?” என்று அக்கா கேட்டாள்.

டாக்டரம்மா மழுப்பவில்லை. “இந்தக் குழாயாலதாம்மா. இது இல்லன்னா அன்னைக்கே உயிர் போயிருக்கும். ஆனா இது உள்ள இருந்தா அவரால சரியா இரும முடியாது. வாயில ஊறுற எச்சில் குழாய் ஓரமா கசிஞ்சு நெஞ்சுக்குள்ள எறங்கிடும், கிருமியோட. நாளாக நாளாக ஆபத்து ஜாஸ்தி.”

“அப்ப கழட்டிடுங்க!”

“அவரா மூச்சு விடணுமேம்மா.”



மருந்தை மாற்றினார்கள். கட்டிலின் தலைப்பக்கம் எப்போதும் உயர்ந்தே இருந்தது. மாமா ஒருக்களித்துச் சரிகிறாரே என்று நான் அதைத் தாழ்த்தப்போய் நர்ஸிடம் திட்டு வாங்கினேன். “மட்டமா படுத்தா எச்சில் உள்ள போவும் சார், தொடாதீங்க.” அவர் மாமாவின் வாயைப் பல்லிடுக்கு விடாமல் சுத்தம் செய்வார். தினமும் காலையில் மிஷினின் உதவியைக் குறைத்துப் பார்த்தார்கள். இரண்டு நாள் மாமாவுக்கு மூச்சு திணறியது, பழையபடி கூட்டிவைத்தார்கள்.

ஒன்பதாம் நாள் தாக்குப்பிடித்தார். குழாயை உருவியதும் உடம்பே குலுங்க இருமினார். பயந்துபோய் நான் டாக்டரம்மாவைப் பார்த்தேன். “இருமட்டும், இருமட்டும். இதுக்குத்தான் காத்திருந்தோம்,” என்றார் அவர். மாமா கரகரத்த குரலில் அக்காவிடம், “நீ சாப்ட்டியா?” என்று கேட்டார்.

அன்றுதான் அக்கா ஒழுங்காகச் சாப்பிட்டாள். ஆஸ்பத்திரிக்கு எதிர்க் கடையில் நான்கு இட்லி, அதன்பின் ஒரு செட் பூரி. எனக்கும் அப்போதுதான் பசி தெரிந்தது.