மெல்ச்சோரா அக்கா பாடி விரட்டியவர்கள்

கெசோன் மாகாணக் கடற்கரையில், எங்கள் ஊர்ச் சந்தையில் கருவாடு விற்கும் மெல்ச்சோரா அக்காவிடம் பேரம் பேசி ஜெயித்தவர் யாருமில்லை. புருஷன் கடலோடு போன பிறகு தனியாளாக வாழ்ந்தார். வாய் நீளம், குரல் அதைவிடப் பெரிது. அந்தக் குரலுக்காகத்தான் கிறிஸ்துமஸுக்கு முந்தின சாயங்காலம் விரட்டுகிற பொறுப்பை அவரிடம் கொடுத்திருந்தோம்.

அன்றைக்கு மாதா, சூசையப்பர் வேஷம் கட்டிய இருவர், பிள்ளை பெற இடம் கேட்டு வீடு வீடாக வருவார்கள். பின்னால் நான் கிதார் வாசித்துக்கொண்டு போவேன். கதவைத் தட்டியதும், உள்ளே இருப்பவர் திறக்காமலே "இடமில்லை, போங்கள்" என்று பாடி அனுப்ப வேண்டும். கடைசியில் கோயில் கதவுதான் திறக்கும். மெல்ச்சோரா அக்கா பாடி விரட்டினால் மாதா வேஷக்காரி நிஜமாகவே அழுதுவிடுவாள். அதில் அக்காவுக்குத் தலைகால் புரியாத பெருமை.

அந்த வருஷம் மலையடிவாரத்தில் ஆறு கரையை உடைத்துக்கொண்டு ஊர்களுக்குள் புகுந்திருந்தது. மழையும் விடவில்லை. நாங்கள் தாமதமாகப் போய் அக்கா வீட்டுக் கதவைத் தட்டியபோது, உள்ளேயிருந்து பாட்டு வரவில்லை, வசவு வந்தது.

"எத்தன தடவடா பாடுறது? இப்பத்தானே பாடி அனுப்புனேன்!"

"நாங்க இப்பத்தான் வர்றோம்க்கா" என்றேன்.

கதவு படாரென்று திறந்தது.

"அப்ப வந்தது யாரு? ஒரு ஆம்பள இடம் கேட்டான். கொழந்த கூட அழுதுச்சு. இந்த வருஷம் ஜோரா நடிக்கிறீங்கன்னு நெனச்சு இன்னும் சத்தமாப் பாடுனேன்டா!"

விழாவை நடத்தும் புருடென்சியோ சிரித்தார். "மாதாவுக்கு இன்னும் பிள்ளையே பொறக்கலியே, கொழந்த எப்படிக்கா அழும்?"

அக்கா சிரிக்கவில்லை. முகம் செத்துப்போயிற்று.

"சரி, பாடி முடிங்க, அப்புறம் தேடலாம். கோயில்ல சாமியார் காத்திருக்காரு" என்றார் புருடென்சியோ.

"நீயே பாடு" என்று அக்கா மழையில் இறங்கினார். நான் பின்னால் ஓடினேன்.

தேடிக்கொண்டு போனால், மீன் சந்தைக் கொட்டகையில் அவர்கள் ஒதுங்கியிருந்தார்கள். மலையடிவாரத்துக்காரன், அவன் மனைவி, சாக்கில் சுற்றிய கைக்குழந்தை. எங்களைக் கண்டதும் அவன் குறுக்கே வந்து நின்றான்.

"இல்லன்னு ஒரு வார்த்த சொன்னா போயிருப்போமே. அதுக்குப் பாட்டு வேறயா?"

"அது எங்க ஊர் வழக்கம்..." என்று ஆரம்பித்தேன்.

"நீ வாய மூடு" என்றார் அக்கா. ஈரத் தரையில், மீன் செதிலுக்கு நடுவில் அப்படியே உட்கார்ந்தார். "நான்தான்ப்பா பாடுனேன். கதவத் தெறந்து பாக்கணும்னு தோணல. தப்பு என்னுது. நீங்க என் வீட்டுக்கு வரலேன்னா நானும் இங்கயே கெடக்குறேன். பிள்ளைய மட்டும் குடுங்க, ஈரம் ஆகாது."

எத்தனை பேரை வாயால் அடித்த மனுஷி!

அவன் அசையவில்லை. மனைவிதான் அவனைத் தாண்டி வந்து குழந்தையை அக்கா மடியில் வைத்தாள். "காய்ச்சல் கொதிக்குதுக்கா. சீக்கிரம் போலாம்."

அக்கா குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு வேகமாக நடந்தார்; அவனும் மனைவியோடு பின்னால் வந்தான். அக்கா வீட்டு வாசலில் மாதாவும் சூசையப்பரும் தங்களை எப்போது விரட்டுவார்கள் என்று இன்னும் நனைந்துகொண்டு நின்றிருந்தார்கள்.

"தள்ளுங்கடா, வழிய விடுங்க" என்று அவர்களை முழங்கையால் ஒதுக்கிவிட்டு, மூவரையும் உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.