நம்பர் ஒன் தொழிலாளி

சண்டைக் காலத்தில் ஜப்பான்காரர்கள் எங்கள் தேயிலை மலைக்கு வந்ததும் முதலில் திருத்தியது கடிகாரத்தைத்தான். டோக்கியோவில் விடிந்தால் கேமரன் மலையிலும் விடிந்தாக வேண்டும் என்று உத்தரவு. சூரியனிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. அதனால் இருட்டில், பனியில், ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நின்று கைகால்களை ஆட்டி உடற்பயிற்சி செய்தோம். நாள் முழுக்கக் கூடை சுமந்து மேடேறும் பெண்களுக்கு உடம்பு அசைவதே இல்லை என்று புதிய ஜப்பான் துரைக்கு எப்படியோ தோன்றியிருந்தது. பிறகு பேச்சு. உற்சாகமாக உழைத்தால் விளைச்சல் பெருகும் என்பார். அரைவயிற்று மரவள்ளிக்கிழங்கில் உற்சாகம் எப்படி வரும் என்பதைச் சொல்ல மறந்துவிடுவார்.

ஊரில் இருக்கும் உங்களுக்கு இங்குள்ள பழக்கம் தெரியாது. வெள்ளைக்காரத் துரை காலத்தில் தோட்டத்தில் முன்னேற ஒரே வழி, கங்காணி நம் பெயரைத் துரை காதில் போடுவது. என் அப்பா சூசை கங்காணி அதில் மன்னர். துரை வாயைத் திறக்குமுன் சொந்தக்காரர்களைப் புகழ்ந்து முடித்திருப்பார். தேயிலைக்கும் களைக்கும் வித்தியாசம் தெரியாத சித்தப்பா ஸ்டோர் காவலரானது அப்படித்தான். செடிகளைக் கவ்வாத்து வெட்டும் கும்பலுக்கு என் வீட்டுக்காரர் அந்தோணி தலைவரானதும் அப்படித்தான். ஆனால் அவர் விஷயத்தில் அப்பா பொய் சொல்லவில்லை.

ஒருநாள் காலை ஜப்பானிய அதிகாரி ஒருவர் லாரியோடு வந்தார். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி மொழிபெயர்த்தார்.

"நல்லா வேலை செய்றவன் யாருன்னு கேக்கறாரு, கங்காணி."

எதற்கு என்று கேட்கும் வழக்கம் அப்பாவுக்கு இல்லை. "நம்ம மாப்பிள்ளைதான் துரை! நம்பர் ஒன்! இவரு மாதிரி கத்தி புடிக்க இந்த மலையிலயே ஆளு கிடையாது லா!"

அதிகாரி அந்தோணியின் தோளைத் தட்டிச் சிரித்தார். அப்பாவும் சிரித்தார்.

"லாரியில ஏறச் சொல்றாரு," என்றார் கிராணி. "சயாமுல ரயில் ரோடு போட ஆளு எடுக்கறாங்க."

சயாமுக்குப் போனவர் எவரும் அதுவரை திரும்பியதில்லை. "ஐயோ துரை, சும்மா சொன்னேன்! சுத்த சோம்பேறி இவரு! இருமல் வேற!" என்று அப்பா அலறினார். வீட்டு ஆளைத் தாழ்த்திப் பேசுவது அவர்கள் நாட்டில் பணிவாம். அதிகாரி அந்தப் பணிவை மெச்சி, அப்பாவுக்குக் குனிந்து வணக்கம் வைத்தார். அப்பாவுக்கு அவ்வளவு பெரிய மரியாதை எந்தத் துரையும் செய்ததில்லை. "வந்துடறேன், மேரி," என்று சொல்லி என் வீட்டுக்காரர் லாரியில் ஏறினார்.

சித்தப்பாவை யாரும் சீண்டவில்லை. மறுநாள் முதல் எங்கள் தோட்டத்தில் நன்றாக வேலை செய்ய ஒருவருக்கும் தெரியவில்லை. கத்தி பிடித்த கைகளெல்லாம் கோணலாகவே வெட்டின. உற்சாகம் போதவில்லை என்று துரை பேச்சை இன்னும் நீட்டினார்.

சண்டை முடிந்து கப்பல் ஓடத் தொடங்கியது. "வா பாப்பா, ஊருக்கே போயிடலாம்," என்றார் அப்பா.

"நீங்க போங்கப்பா. அவரு இங்க பொறந்தவரு. நம்ம ஊர அவரு பாத்ததே இல்ல. திரும்பி வந்தா என்னைய எங்கன்னு தேடுவாரு?"

அப்பா தலை குனிந்தபடி தனியாகக் கப்பலேறிவிட்டார். கப்பல் புறப்பட்ட அன்று, பிறந்த ஊரை நினைத்து அழுது தீர்த்தேன். எப்போது வருகிறாய் என்று நீங்கள் கடிதத்தில் கேட்கிறீர்கள். வர ஆசைதான். ஆனால் கீழே சாலையில் லாரி சத்தம் கேட்டால், கூடையை இறக்கி வைத்துவிட்டு, யார் இறங்குகிறார்கள் என்று இன்னமும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.