மாமியார் வீட்டுக்குப் பதினெட்டு மீட்டர் கீழே

தெருவில் அவருக்குப் பெருச்சாளி என்று பெயர். அதில் அவருக்கு வருத்தமில்லை. வருத்தம் பெருச்சாளிக்குத்தான் இருக்க வேண்டும். அது தோண்டும் வளை கோணல்மாணலாகப் போகும். சுரங்க ரயிலுக்காக நூறு மீட்டர் நீள எந்திரத்தை ஓட்டும் இவரோ, இருபது வருடமாக மண்ணுக்கடியில் விரற்கடை அளவும் வழி தவறியதில்லை. மண்ணுக்கு மேலே கடைக்குப் போனால் வீட்டுக்கு வழி கேட்பார் என்பது வேறு விஷயம்.

இப்போது எந்திரம் தானே ஓட ஒரு கம்ப்யூட்டரைப் பொருத்திவிட்டார்கள். இனி மேலே அலுவலகத்தில் உட்கார்ந்து, ஒரே ஆள் மூன்று எந்திரங்களைக் கவனிக்கலாமாம். அவர் அதன் திரைமேல் தன் ஈரத் துண்டைக் காயப்போட்டார். அது அவருடைய தொழில்நுட்ப விமர்சனம்.

சோதனை மாமியார் உருவில் வந்தது. சுரங்கப் பாதை மாமியார் வீட்டுக்கு நேர் கீழே போக வேண்டியிருந்தது. அடுப்படிச் சுவரில் ஏற்கெனவே ஒரு விரிசல். அது வளர்கிறதா என்று பார்க்க, குறுக்கே மெல்லிய கண்ணாடிச் சில்லு ஒன்றை ஒட்டியிருந்தார்கள். சுவர் மயிரிழை அசைந்தாலும் சில்லு உடைந்துவிடும். மாமியார் அதன் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"மாப்பிள்ளை, உங்க கையால ஓட்டுங்க, எனக்குப் பயமில்ல. அந்தப் பொட்டிகிட்ட மட்டும் விட்டுடாதீங்க. சில்லு உடைஞ்சா மூட்டை முடிச்சோட உங்க வீட்டுக்குத்தான் வருவேன்."

"நான் இருக்கேன்ல அத்தை."

மறுநாள் காலை கம்ப்யூட்டரை ஓரங்கட்டிவிட்டுக் குமிழில் கை வைத்தார். முன்னால் மண்ணை அழுத்திப் பிடிக்கும் விசை குறைந்தால் மேலே தரை இறங்கும், கூடினால் எழும்பும்.

"என்னண்ணே, கை ஆடுது?" என்றாள் பக்கத்திலிருந்த பொறியாளர் பெண்.

"மிஷின் அதிர்வும்மா."

"மிஷினை இன்னும் கிளப்பவே இல்லண்ணே."

ஆற்றுக்கு அடியில் ஓட்டியபோதும் ஆடாத கை அது. ஆனால் ஆறு மூட்டை முடிச்சோடு வீட்டுக்கு வந்துவிடாது. குமிழை விட்டார். பிறகு திரைமேல் கிடந்த துண்டை எடுத்தார்.

"சரி, நீயே போ. பாத்துப் போ, மேல பெரியவங்க இருக்காங்க," என்று கம்ப்யூட்டரிடம் சொல்லிவிட்டு, இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார்.

சாயங்காலம் மனைவியோடு போய்ப் பார்த்தபோது சில்லு முழுசாக இருந்தது. மாமியார் அவர் வலது கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்தக் கைக்கு ஈடாகுமா அந்தப் பொட்டி?"

பெருச்சாளி தலையைச் சொறிந்தார். "அதுவும் கொஞ்சம் ஒத்தாசை பண்ணுச்சுங்க அத்தை."

"பாத்தியாடி, எவ்வளவு அடக்கம்," என்றார் மாமியார் மகளிடம்.

துண்டு இப்போதெல்லாம் நாற்காலி முதுகில் காய்கிறது.