ஒரே சொல் தெரிந்த கணிப்பொறி

சித்திக்குக் கிடைத்திருந்த வேலையைக் கெடுத்தவன் நான். அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. அதையே சாக்காக வைத்து இத்தனை காலம் தப்பித்து வந்திருக்கிறேன்.

எண்பதுகளின் நடுவில் மாமா வெளிநாட்டிலிருந்து ஒரு சின்னக் கணிப்பொறி கொண்டுவந்து தந்தார். டிவியோடு இணைத்தால்தான் வேலை செய்யும். ஏற்காட்டு மூடுபனியில் பாதி நாள் படமே தெரியாத எங்கள் டிவிக்கு அதனால் உயிர் வந்தது. வெள்ளைத் திரையைக் காப்பி இலைப் பச்சையாக்கினேன். ஓரத்துக்குப் பழத்தின் சிவப்பு. பிறகு, இது ஏன் தமிழ் எழுதக் கூடாது என்று தோன்றியது. கிராஃப் தாளில் எழுத்துகளைக் கட்டம் கட்டமாக வரைந்து, எண்களாக்கி உள்ளே செலுத்தினேன். மூன்று எழுத்திலேயே பொறுமை தீர்ந்தது. ‘வரும்’ என்ற சொல் மட்டும் கிடைத்தது. ஜோசியம் சொல்ல அது போதாதா?

அறுப்பின் பண்டிகையன்று எங்கள் சர்ச் வளாகத்தில் டிவியோடு அதை வைத்தேன். யாராவது கேள்வி கேட்டால் ஒரு விசையை அமுக்குவேன். யோசிப்பதுபோல ஓரம் நிறம் மாறி மின்னும். பிறகு பெரிதாக ‘வரும்’.

“மழை வருமுங்களா?”

வரும்.

“ஒண்டிக்கடைக்குக் கடைசி பஸ்ஸு?”

வரும்.

“எம்பட பையனுக்குப் புத்தி?”

அதற்கும் வரும் என்றதும் கூட்டம் சிரித்தது.

அப்போது சித்தி வந்தாள். சித்தப்பா பம்பாய்க்குப் போய் இரண்டு வருடம். ஒரு தகவலும் இல்லை. சேலத்தில் ஒரு பெண்கள் விடுதியில் அவளுக்கு வார்டன் வேலை பேசி முடித்திருந்தார் அவள் அண்ணனான மாமா. திங்கட்கிழமை சேர வேண்டும்.

“உங்க சித்தப்பா வருவாரான்னு கேளு கண்ணு.”

கரண்ட் போய்விட்டது என்று நான் சொல்லியிருக்கலாம். ஆனால் பதிலைப் பார்த்ததும் அவள் முகம் எப்படி மாறும் என்று பார்க்க ஆசை. அமுக்கினேன்.

“வருமாமில்ல! மாப்பிள்ளை என்ன ஆடுங்களா, மாடுங்களா?” என்றார் ஒருவர். சித்தி சிரிக்கவில்லை.

திங்களன்று மாமா பெட்டியைத் தூக்க வந்தார்.

“நானு போகலீங்கண்ணா. அவரு வர்றப்ப ஊடு பூட்டிக் கெடக்கக் கூடாதுங்க.”

மாமா கெஞ்சினார், திட்டினார். வேலை வேறொருத்திக்குப் போனது. சித்தப்பா கடைசிவரை வரவேயில்லை.

என் மனம் உறுத்தியது. அடுத்து வந்த பள்ளி விடுமுறை முழுக்க உட்கார்ந்து, ‘தெரியாது’ என்ற சொல்லுக்கு எழுத்துகள் வரைந்தேன். சித்தியைக் கூட்டிவந்து, இதற்கு அன்று ஒரு சொல்தான் தெரியும் என்று உண்மையைச் சொல்லி, விசையை அமுக்கினேன். ‘தெரியாது’ என்று வந்தது.

சித்தி திரைக்குப் பக்கத்தில் வந்து பார்த்தாள்.

“நொம்பப் பாடுபட்டியா சாமி?” என்று என் தலையைத் தடவினாள். பிறகு, “பழசையே போட்டுடு கண்ணு” என்றாள்.

புதிய எழுத்துகள் கோணலாக இருக்கின்றன போலும் என்று நினைத்துக்கொண்டு, பழையதையே ஏற்றினேன். அதன்பின் சாயங்காலங்களில் சித்தி வந்து டிவி முன்னால் உட்காருவாள். கேள்வி எதுவும் கேட்கமாட்டாள். நான் அமுக்குவேன்.