நாற்பத்து மூன்றாம் இடத்து மெஷின்காரர்

குளியலறைக்குள்ளிருந்து கைதட்டல் கேட்டது. ஒரே ஓர் ஆளின் கைதட்டல். ஈரக் கைகள் என்பதால் யாரோ யாரையோ கன்னத்தில் அறைவது போலிருந்தது.

"இன்னிக்கும் மொத எடம்தான் போல," என்றாள் மனைவி, சமையலறையில் வெங்காயம் உரித்தபடி. அவள் கண்களில் நீர். அது வெங்காயத்தால் வந்ததா, பெருமிதத்தால் வந்ததா, யாரால் பிரித்துச் சொல்ல முடியும்?

கூடத்தில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்த மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தப் பெண்ணின் நெஞ்சில் மூன்று வாரமாக ஓர் உண்மை வெளியே வர முடியாமல் புழுங்கிக்கொண்டிருந்தது.

அவள் அப்பா வாஷிங் மெஷின் பழுது பார்ப்பவர். தெருவில் எல்லோருக்கும் அவர் மெஷின்காரர்தான். கடையின் அகலம் இரண்டு மெஷின். மூன்றாவது வந்தால் இவர் வெளியே நிற்க வேண்டும். இருபத்தாறு வருட அனுபவம். போனில் யாராவது வாயால் சத்தத்தைச் செய்து காட்டினால் போதும், "பெல்ட் தேஞ்சிருச்சும்மா, சாயங்காலம் வர்றேன்" என்பார். அப்படிப்பட்டவரின் போன் ஒரு வருடமாக ஊமையாகிவிட்டது. இப்போது மெஷின் நின்றால் பக்கத்து வீட்டில் விசாரிப்பார் இல்லை. போனில் தேடுகிறார்கள், முதலில் வருகிறவரைக் கூப்பிடுகிறார்கள். இரண்டாம் பக்கத்தைப் பார்க்கும் பொறுமைகூட இல்லாத கல்நெஞ்சக்காரர்கள்!

மகளுக்கு வேலை அந்தத் தேடல் தொழிலில்தான். பல் டாக்டர்கள், உடற்பயிற்சிக் கூடங்கள் என்று பலரையும் தேடலில் மேலே ஏற்றிவிடும் அலுவலகம். அப்பாவுக்கும் ஒரு வெப்சைட் போட்டுக்கொடுத்து, "ஜனங்க எந்த வார்த்தையப் போட்டுத் தேடுறாங்களோ, அது உங்க பக்கத்துல இருக்கணும்பா" என்று சொன்னாள். அதோடு நிறுத்தியிருக்கலாம் அவர். அந்த வார்த்தைகளை வாயிலும் வைத்துக்கொண்டார். போனை எடுத்தால், "வணக்கம், வாஷிங் மெஷின் ரிப்பேர், சிறந்த வாஷிங் மெஷின் ரிப்பேர், அருகில் உள்ள வாஷிங் மெஷின் ரிப்பேர், சொல்லுங்க." அதற்குள் மறுமுனை வைத்துவிடும். டீக்கடையில் யாரோ சொன்னதைக் கேட்டு, வெள்ளைப் பக்கத்தில் வெள்ளை எழுத்தில் அதே வார்த்தையை நானூறு தடவை மகளுக்குத் தெரியாமல் அடித்தும் வைத்தார். மனிதக் கண்ணுக்குத் தெரியாதாம், தேடுகிற இயந்திரத்துக்கு மட்டும் தெரியுமாம்.

பிறகுதான் அந்த அதிசயம். ஒரு நாள் காலை தன் போனில் தேடினார். முதல் இடத்தில் அவர் கடை! மறுநாளும். அதற்கடுத்த நாளும். அன்று தொடங்கிய கைதட்டல்தான் இது. ஆனால் போன் மட்டும் அடிக்கவில்லை. போன்தான் கெட்டுவிட்டது என்று மூன்று முறை போன் ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனார். சோதிப்பதற்காக மனைவி சமையலறையிலிருந்து கூப்பிடுவாள். நன்றாக அடிக்கும். "அருகில் உள்ள வாஷிங் மெஷின் ரிப்பேர், சொல்லுங்க" என்பார். "சாப்பிட வாங்க" என்பாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு மனைவியின் அண்ணன் வருவதாக இருந்தது. தண்ணீர்த் தொட்டி மொத்த வியாபாரி. கடையின் வாடகை ஒப்பந்தம் மறுநாளோடு முடிகிறது. ஜாமீன் கையெழுத்து அவர்தான் போட வேண்டும். போன மாதமே சொல்லிவிட்டார்: "மாப்ள, தேடினா மொதல்ல நீ வர்றேன்னு காட்டு, கையெழுத்துப் போடுறேன். இல்லேன்னா கடையை மூடிட்டு என் குடோனுக்கு வா. நாற்காலி போட்டுத் தர்றேன், சாவியை வச்சிக்கிட்டு உக்காரு." சத்தமே போடாத தண்ணீர்த் தொட்டிகளுக்கு நடுவே, சத்தத்தைக் கேட்டே பிழைத்த மனிதர்!

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்த அப்பாவைப் பார்த்ததும் மகளால் தாங்க முடியவில்லை.

"அப்பா, அது உங்க போன்ல மட்டும்தான்பா."

"எது?"

"மொத எடம். ஒரு நாளைக்கு அறுபது தடவை உங்க கடையையே தேடித் தேடித் தொடுறீங்க. உங்களுக்கு உங்களத்தான் புடிக்கும்னு அதுக்குத் தெரிஞ்சுபோச்சு. அதான் உங்களையே எடுத்து முன்னாடி வைக்குது."

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "மத்தவங்க போன்ல?"

அவள் மடிக்கணினியில் பழைய தேடல் எதுவும் ஒட்டாத ஒரு ஜன்னலைத் திறந்து தேடினாள். விரலால் தள்ளினாள். தள்ளிக்கொண்டே இருந்தாள். நாற்பத்து மூன்றாம் இடத்தில் நிறுத்தினாள்.

"எனக்கு மேல யாரு இது?"

"தையல் மெஷின் கடைப்பா."

"நான் வாஷிங் மெஷின்டி!"

"அதுக்கே நீங்க என்னன்னு சரியாப் புரியல. நானூறு தடவை வெள்ளையில எழுதியிருக்கீங்கல்ல, நேத்துதான் பார்த்தேன். அந்த ஏமாத்து வேலையெல்லாம் அது எப்பவோ கண்டுபிடிச்சிருச்சு. அதுக்குத்தான் கீழ தள்ளிருச்சு."

"மூணு வாரமா ஏன்டி சொல்லல?"

"கை தட்டுறீங்களேப்பா..." என்று சொல்லும்போதே அவள் குரல் உடைந்துவிட்டது. அப்பாவும் மகளும் கட்டிக்கொண்டு அழுதார்கள். நடுவில் மாட்டிய ஈரத் துண்டும் அழுதது.

மனைவிதான் முதலில் தெளிந்தாள். "அழுதது போதும். அண்ணன் போனைக் கொஞ்சம் வாங்கி அறுபது தடவை அமுக்கிட்டா?"

"உங்க அண்ணன் குளிக்கும்போதுகூட அதைக் கீழ வைக்க மாட்டாரு," என்றார் மெஷின்காரர்.

"மொத எடத்துக்கு ஆறு மாசமாவது ஆகும்," என்றாள் மகள். "ஆனா இன்னிக்கு ஒண்ணு ஆரம்பிக்கலாம். மெஷின் நின்னதும் யாரும் ரிப்பேர்னு தேடுறதில்ல. மொதல்ல அவங்க கஷ்டத்தத்தான் போன்கிட்ட சொல்றாங்க. உங்களுக்கு எப்படிப் போன்ல சொல்வாங்களோ, அப்படியே. ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு பக்கம் எழுதலாம்."

"வைத்தியத்தையெல்லாம் எழுதிட்டா அப்புறம் என்னை எவன் கூப்பிடுவான்?"

"படிச்சிட்டு ஸ்க்ரூவக் கழட்டுவாங்கள்ல, அப்பக் கூப்பிடுவாங்க."

அந்த பதிலில் இருந்த நியாயம் அவரை எழுந்து நிற்க வைத்தது. முதலில் அந்த நானூறு வெள்ளை வார்த்தைகளையும் தன் கையாலேயே அழித்தார். பிறகு கூடத்தின் நடுவில் நின்று கண்களை மூடிக்கொண்டு ஆரம்பித்தார். "கடக்... கடக்... கடக். இது பாக்கெட்ல இருந்த சில்லறை. எழுதிக்கோ. உய்ய்ய்ய்ங், டொப்! இது மெஷின் கால் சமமா இல்ல." மகள் தட்டினாள். அவர் கரகரத்தார், கிறீச்சிட்டார், குமிழியிட்டார். தண்ணீர் வடியாத மெஷினை அவர் செய்து காட்டியபோது மாடி வீட்டு அம்மா ஓடிவந்து கதவைத் தட்டினார். "யாருக்காவது வாந்தியா?"

"இல்லீங்க, கட்டுரை எழுதுறாரு," என்றாள் மனைவி.

பதினோரு பக்கங்கள் முடிந்தபோது நாலு மணி. அழைப்பு மணி அடித்தது.

மச்சான் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை. சோபாவில் உட்கார்ந்ததும் போனை வாய்க்கு நேரே பிடித்து, "வாஷிங் மெஷின் ரிப்பேர்!" என்று அதட்டினார். பிறகு பரீட்சை முடிவு வாசிப்பது போல ஒவ்வொரு பெயராக உரக்கப் படித்தார். பத்து வந்தது. இருபது வந்தது. முப்பது. மனைவி தேநீர்க் கோப்பையை நீட்டியபடியே நின்றாள். அதில் ஆடை படர்ந்துவிட்டது.

"நாப்பத்தி மூணு," என்று நிறுத்தினார் மச்சான். "கண்டுபிடிச்சிட்டேன் மாப்ள. தையல் மெஷினுக்குக் கீழ." பாக்கெட்டிலிருந்து குடோன் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார். அந்தச் சாவியின் ஓசை அந்த வீட்டின் நான்கு சுவர்களிலும் மோதியது. "நாளைக்கு ஒம்போது மணிக்கு வந்துரு."

மெஷின்காரர் தலை குனிந்தார். சாவியை நோக்கி அவர் கை மெல்ல நகர்ந்தது. ஆனால் அந்தக் கைக்கு முன்னால் இன்னொரு கை வந்து தேநீரை டொக்கென்று வைத்தது.

"அண்ணே," என்றாள் மனைவி. அண்ணனிடம் குரல் உயர்த்தியே அறியாத தங்கை! "என் வீட்டுக்காரரு நாப்பத்தி மூணு. நீங்க எத்தனை?"

"நான் எதுக்குத் தேடணும்? என்னை ஊருக்கே தெரியும்."

"தெரிஞ்சா நல்லதுதானே. சும்மா பாருங்க."

அவர் அலட்சியமாகப் போனை அதட்டினார். "தண்ணி டேங்க் மொத்த விலை!" முதலில் வந்தது அவருடைய பரம எதிரியின் கடை. முகம் சுருங்கியது. பத்து. முப்பது. அறுபது. நூறைத் தாண்டியபோது விரல் வலித்து தங்கை மகளிடம் போனைக் கொடுத்தார். "கம்பெனி பேரைப் போட்டே தேடும்மா."

அவள் தேடினாள். கிடைத்தது. பாதி இறங்கிய ஷட்டரின் படம். கீழே சிவப்பு எழுத்தில், 'நிரந்தரமாக மூடப்பட்டது.'

"யாரு மூடினா?" என்றார் மச்சான். குரலே எழும்பவில்லை.

"ஷட்டர் பாதி இறங்கியிருந்தப்ப யாரோ பார்த்துட்டு, மூடிட்டாங்கன்னு எழுதிப் போட்டிருக்காங்க மாமா. நீங்க மறுக்கல. ரெண்டு வருஷம் ஆச்சு."

"ரெண்டு வருஷமா நான் செத்துட்டேனா? அங்கதானம்மா உக்காந்திருந்தேன்! தொட்டியெல்லாம் இருக்குதேம்மா!" அந்த மலை போன்ற மனிதர் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டார்.

மெஷின்காரர் எழுந்து போய் அவர் தோளைத் தொட்டார். "அழாதீங்க மச்சான். நான் தையல் மெஷினுக்குக் கீழயாவது உயிரோட இருக்கேன். உங்களையும் எழுப்பிரலாம்."

"உரிமையாளர் நீங்கதான்னு நிரூபிச்சுத் திருத்தம் அனுப்பணும்," என்றாள் மகள். "புதுப் படம் வேணும். சில நாள் ஆகும். நான் செய்றேன் மாமா."

மச்சான் மூக்கைத் துடைத்துக்கொண்டு சாவியை எடுத்துத் தன் பாக்கெட்டிலேயே போட்டுக்கொண்டார். "மூடின குடோனுக்கு ஒருத்தன் போதும் மாப்ள. அந்தப் பேப்பரக் கொண்டா."

மனைவி ஒப்பந்தத்தை ஏற்கெனவே கையில் வைத்திருந்தாள். அவர் கையெழுத்துப் போட்டார். "ஆறு மாசத்துக்குத்தான் ஜாமீன். அதுக்குள்ள மொத பத்துக்குள்ள வந்துரணும், ஆமா."

"வந்துருவேன் மச்சான்," என்றார் மெஷின்காரர். பேனாவை வாங்கி மூட மறந்து நின்றார்.

மச்சான் அதற்குள் எழுந்துவிட்டார். போன் காதில் இருந்தது. "டேய், ஷட்டரை முழுசாத் தூக்குடா! இன்னும் தூக்கு! போட்டோ எடுத்து அனுப்பு! நீ நிக்காதடா, டேங்க் தெரியணும்! நாம மூடலடா, யாரு கேட்டாலும் சொல்லு, மூடவே இல்ல!" ஒரு செருப்பை மாட்டினார், மற்றொன்றைக் கையில் எடுத்துக்கொண்டார். தங்கை போய்வரச் சொன்னதுகூட அவர் காதில் விழவில்லை. குரல் படியிறங்கித் தெருவரை போய்ச் சேரும்வரை காத்திருந்துவிட்டு, அவள் கதவைச் சாத்தினாள்.