ஐந்து நிமிட முதல் மரியாதை

போன சனிக்கிழமை, பதுளையில் எங்கள் உதைபந்தாட்டக் கிளப்பின் தெரிவுக் குழுவுக்கு என்னைத் தலைவராக்கினார்கள். எனக்கு உதைபந்தாட்டம் தெரியாது. விதிமுறைகள் தெரியும். அரசாங்க அலுவலகத்தில் பிரதம இலிகிதராக ஓய்வு பெற்றவன் அல்லவா? அந்த இலிகிதர் பதவிக்கு நான் வந்ததும் திறமையால் அல்ல... எனக்கு முன்னால் இருந்தவர் பென்ஷனில் போனார்.

பிரச்சினை இதுதான். கோல் கீப்பர் செல்வராஜுக்கு நாற்பது தாண்டிவிட்டது. கிளப் தொடங்கிய நாளிலிருந்து அவர்தான். பெஞ்சில் இருக்கும் நிரோஷன் இளைஞர். மடுல்சீமையிலிருந்து பஸ் ஏறி வருகிறார். பயிற்சியில் அவரைத் தாண்டிப் பந்து போய் நான் பார்த்ததில்லை. ஆனால் ஆடுகிறவருக்குத்தான் சம்பளம். பெஞ்சுக்குத் தேநீர்.

மறுநாள் மெச் இருந்தது; நிரோஷனே வந்து கேட்டார்.

"நாளைக்கும் பெஞ்சுன்னா இப்பவே சொல்லிருங்க சேர். திங்கக்கிழமை கொழும்புக்குப் போறேன். மாமா கடையில வேலை இருக்கு."

அண்ணன் முறையில் நாங்கள் 'நானா' என்று கூப்பிடும் செயலாளர் பைசல், பஜாரில் ஹார்ட்வெயார் கடைக்காரர், தலையைச் சொறிந்தார்.

"மூத்த ஆளை எப்படி சேர் உட்காரச் சொல்ற?"

"கோல் விழுந்தால்?" என்றேன்.

"அது எல்லாருக்கும் விழுறதுதானே."

நான் ஒரு வழி சொன்னேன். தேயிலைத் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் தோட்டத் தலைவருக்கு மாலை போட்டு முதல் மரியாதை செய்கிறோம். தேரை இழுப்பது இளவட்டங்கள். இங்கேயும் முதல் ஐந்து நிமிடம் செல்வராஜ், பிறகு நிரோஷன். ஏகமனதாக நிறைவேறியது. செல்வராஜிடம் யார் சொல்வது? "ஆள் மாத்துற போர்டைத் தூக்கினா விளங்கும்" என்றார் பைசல்.

ஞாயிறன்று ஐந்து நிமிடம் முடிந்ததும் பைசல் இலக்கப் பலகையைத் தூக்கினார். செல்வராஜ் அசையவில்லை. பைசல் பலகையை ஆட்டினார். நடுவர் கையைக் காட்டினார். செல்வராஜும் பதிலுக்குக் கையைக் காட்டினார். மற்ற ஆட்டக்காரர்கள் அவரை அண்ணன் என்பவர்கள். போய்ச் சொல்ல யாருக்கும் துணிவில்லை.

மாற்றப்படுகிறவர் வெளியேற மறுத்தால் ஆட்டம் தொடரும் — விதி அதுதான். தொடர்ந்தது. நிரோஷன் கையுறையைக் கழற்றிவிட்டு மறுபடி பெஞ்சில் உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரத்தில் தூரத்திலிருந்து ஒரு பந்து, அவசரமில்லாமல் வந்து, உள்ளே போனது.

இடைவேளையில் பைசல் பாய்ந்தார்.

"என்ன செல்வராஜ், போர்டைக் காட்டினா வர ஏலாதா?"

"எந்த போர்டு நானா?"

"நான் தூக்கிப் பிடிச்சு ஆட்டினேனே!"

"அதுவா... யாரோ குடையை ஆட்டுறாங்கன்னு நெனச்சேன்."

அன்று நல்ல வெயில். மைதானத்தில் ஒரு குடைகூட இல்லை. செல்வராஜ் கையுறைகளைக் கழற்றினார்.

"நீ போ தம்பி. பந்து கிட்ட வந்த பொறகுதான் எனக்குத் தெரியுது. ரொம்ப நாளா இப்படித்தான்."

"ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டேன்.

"யாரும் கேக்கலயே சேர்."

கேட்டிருக்க மாட்டோம்தான். சீனியாரிட்டி என்பது ஒருவருக்கு நாம் கொடுக்கும் மரியாதை என்று நினைத்திருந்தேன். அவரைக் கவனிக்காமல் இருப்பதற்கு அதைவிட வசதியான ஏற்பாடு கிடையாது.

இரண்டாவது பாதியில் ஒரு பந்தும் நிரோஷனைத் தாண்டவில்லை. அந்த ஒரு கோலால் தோற்றோம். அது குழுவின் கணக்கில் சேரும். அடுத்த மெச்சுக்கு நிரோஷனின் பெயரை அங்கேயே எழுதினோம்.

திங்கட்கிழமை கொழும்பு பஸ்ஸில் அவர் ஏறவில்லை. செல்வராஜ் ஏறினார் — கண் டாக்டரைப் பார்க்க.

பஸ்ஸில் யாரோ எழுந்து, "அங்கிள், உட்காருங்க" என்றார்களாம். அதற்கு மட்டும் சீனியாரிட்டி போதும்.