நீல வள்ளத்துக்காரர்

வயல்காரன் மகனுக்கு வள்ளம் கொடுத்தார்கள். மீள்குடியேற்றப் பட்டியலில் எந்தக் கட்டத்தில் யார் புள்ளடி போட்டார்களோ, தெரியாது. தமிழ்நாட்டு அகதி முகாமில் இருந்துகொண்டு இருபது வருசம் சுவருக்குப் பெயின்ட் அடித்துவிட்டு வந்தவன் நான். எனக்கு ஒரு பிளாஸ்டிக் வள்ளமும் சின்ன இஞ்சினும். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை, வாங்கிவிட்டேன்.

பேசாலை என்ற மீனவர் ஊருக்குக் கிழக்கே, கரையோரமாக ஒரு வீடும் கட்டித் தந்திருந்தார்கள். இரண்டு அறை, ஒரு ஆள். மனைவி அக்கரையில் மகளோடு நின்றுவிட்டாள். "பேத்தி நடக்கத் தொடங்கட்டும், வாறன்" என்றாள். பேத்தி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். போனில் அதைப் பற்றி நான் கேட்பதில்லை. கேட்டால் கோபம் வரும், பிறகு அந்தக் கோபத்தோடும் நான்தான் தனியே இருக்கவேண்டும்.

ஆகவே காலையில் வள்ளத்தை எடுத்துக்கொண்டு கரையோரமாகவே மெல்ல ஓடுவேன். ஒரு தூண்டிலும் போடுவேன், கறிக்கு இரண்டு கிடைத்தால் போதும். ஒருநாள் இஞ்சின் இருமி இருமி நின்றது. கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் கழன்றதுதான் மிச்சம். அப்போதுதான் அந்த நீல வள்ளம் வந்து பக்கத்தில் அணைந்தது. அண்ணன் தம்பி இரண்டு பேர், பேசாலைக்காரர். தம்பி என் வள்ளத்துக்குள் தாவி, எண்ணெய்க் குழாயைக் கழற்றி வாயால் ஊதினான். "காத்துப் பிடிச்சிருக்கு அண்ணை. உங்களுக்கில்லை, இஞ்சினுக்கு" என்றான்.

இஞ்சின் ஓடியது. அவர்கள் போய்விடுவார்கள் என்று நினைத்தேன். அண்ணன்காரர் சோற்றுச் சட்டியை எடுத்துவைத்து, "வாங்கோ, சாப்பிடுவம்" என்றார். பக்கத்தில் ஒரு வள்ளம் நிற்கும்போது கூப்பிடாமல் சட்டியைத் திறப்பது அவர்களிடம் வழக்கமில்லையாம். இரண்டு வள்ளத்தையும் சேர்த்துக் கட்டி, நடுவில் சட்டியை வைத்துச் சாப்பிட்டோம். ஒரு சட்டியில் இன்னொருவர் கையைப் பார்த்து எத்தனை காலமோ. சட்டி சீக்கிரம் முடியக்கூடாது என்று முள்ளை ஒவ்வொன்றாக எடுத்து மெல்லச் சாப்பிட்டேன்.

அதன்பிறகு நான் கடலுக்குப் போனதே அவர்களைக் காணத்தான். வாரத்தில் மூன்று நாளாவது சந்திப்போம். "அண்ணை", "தம்பி", அவ்வளவுதான். யாரும் யாருடைய பெயரையும் கேட்கவில்லை. கடலில் அது தேவைப்படவும் இல்லை.

ஒருநாள் தம்பி அலுத்துக்கொண்டான். "எந்த நாளும் மீன்தான். வயல்காரர் நீங்கள், ஒரு கத்தரிக்காய்ப் பால்கறி கொண்டு வாங்கோவன்."

சந்தையில் நல்ல பிஞ்சுக் கத்தரிக்காய் கிடைத்த மறுநாள், விடிய எழும்பி மூன்று பேருக்குச் சமைத்தேன். சட்டியைத் துணியால் கட்டிக்கொண்டு வழக்கமான இடத்துக்குப் போனேன். ஒரு வள்ளமும் இல்லை. ஒரு மணித்தியாலம் காத்திருந்தேன். தூரத்தில் மாதா கோயில் மணி கேட்டது. அப்போதுதான் உறைத்தது, ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு பேசாலையில் எவரும் தொழிலுக்கு இறங்கமாட்டார்கள், சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அன்று ஞாயிறு என்று எனக்குச் சொல்ல வீட்டில் யார் இருந்தார்கள்?

திரும்பியிருக்கவேண்டும். விசரன் மாதிரி பேசாலைக் கரைக்கே விட்டேன். வள்ளங்கள் வரிசையாக மணலில் ஏறிக் கிடந்தன. பூசை முடிந்து வெள்ளைச் சட்டைகளும் சேலைகளும் போய்க்கொண்டிருந்தன. குடையோடு வந்த ஒரு பெண் நின்று கேட்டாள்.

"ஆரைப் பாக்க வந்தனீங்கள்?"

"ரண்டு பேர், அண்ணன் தம்பி. நீல வள்ளம்."

அவள் கரையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள். முக்கால்வாசியும் நீலம்.

"பேர் என்ன?"

"தம்பி எண்டுதான் கூப்பிடுறனான்" என்றேன். அவள் பொறுமையாக நின்றாள், அதுதான் இன்னும் வெட்கமாக இருந்தது. சட்டியை வள்ளத்துக்குள்ளேயே விட்டது நல்லதாகப் போயிற்று. "இல்லை, சும்மா வந்தனான்" என்று சொல்லிவிட்டு வள்ளத்தைத் தள்ளினேன். கறியை இரவுவரை நானே தின்றேன், மிச்சம் புளித்துப்போனது.

மறுநாள் வெறுங்கையோடு போனேன். நீல வள்ளம் நின்றது. கட்டினோம், உட்கார்ந்தோம்.

தம்பி சிரித்துக்கொண்டே சொன்னான்: "நேற்று எங்கட கரைக்கு ஒரு ஆள் வந்து நீல வள்ளத்தைத் தேடினவராம். பேரும் தெரியாதாம். ஊரே பகிடி. நீங்களோ அண்ணை?"

"நானில்லை" என்றேன்.

அண்ணன்காரர் சிரிக்கவில்லை. எனக்கு மீனை எடுத்துவைத்தபடி, "பாவம். பேரையாவது கேட்டு வச்சிருக்கலாம்" என்றார்.

"ஓம், கேட்டு வச்சிருக்கலாம்" என்றேன் நானும். அப்போதும் நான் கேட்கவில்லை.